எடைக்கருவி காட்டாத கொழுப்பு
(நலவாழ்வு விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



"மெலிந்தவருக்கு நீரிழிவு வராது" என்னும் எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் வேரூன்றியுள்ளது. எடை கூடவில்லை என்ற நிம்மதியில் பலர் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகின்றனர். உடலில் கொழுப்பு எவ்வளவு உள்ளது என்பதோடு, அது எங்கே தங்கியுள்ளது என்பதும் அறியப்பட வேண்டும்.

தொடையிலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சேமிப்பாகவே இருக்கும். வயிற்றினுள்ளே குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பு அத்தகையதன்று. அதிலிருந்து வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலை அடைந்து, இன்சுலின் செவ்வனே செயற்படுவதற்குத் தடையாகின்றன. நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் அது வழிவகுக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றுப் பகுதிக்கு இடம்மாறுவது இயல்பு. ஆகவே அவ்வயதில் கூடுதல் கவனம் தேவை.

தென்னாசியர் உடலமைப்பை விளக்க ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், இலண்டன் மருத்துவர் ஜோன் யட்கின் ஆகிய இருவரும் 2004 இல் தம் அளவுகளையே வெளியிட்டனர். உயரத்துக்கும் எடைக்குமான விகிதத்தைக் காட்டும் உடல் நிறைச் சுட்டெண் இருவருக்கும் 22.3. ஆயினும் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு.

கனடாவிலும் இதற்குச் சான்று உண்டு. ஹமில்டன், ரொறன்ரோ, எட்மன்டன் நகரங்களில் தென்னாசிய, சீன, ஐரோப்பிய மரபினரிடையே நடத்தப்பட்ட ஆய்வு 2000 இல் வெளியாயிற்று. அதில் இதயநோய் தென்னாசியரிடையே மிகுதியாகக் காணப்பட்டது.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. தையல் அளவுநாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின், வயிற்றை உள்ளிழுக்காமல் அளவுங்கள். தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகளாகும். ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94. கருவுற்ற தாய்மாருக்கு இவ்வளவு பொருந்தாது.

எல்லையைத் தாண்டியவர் அஞ்ச வேண்டியதில்லை, காலந்தாழ்த்தலும் ஆகாது. வயிற்றுப் பயிற்சியால் மட்டும் அவ்விடத்துக் கொழுப்பு கரையாது. விரைவான நடை முதலிய முழுவுடற் பயிற்சியால் உட்கொழுப்பு குறையும். பனிக்காலத்தில் அங்காடி வளாகங்களுக்குள் நடக்கலாம். சோறு, புட்டு, இடியப்பம் ஆகியவற்றின் அளவைக் குறைத்து, மரக்கறியையும் பருப்பையும் கூட்டுங்கள். இனிப்புப் பானங்களையும் பொரித்த சிற்றுண்டிகளையும் தவிருங்கள்.

எடை இயல்பாக இருப்பினும், இடையளவு கூடியவரும் குடும்பத்தில் நீரிழிவு உள்ளவரும் குடும்ப மருத்துவரிடம் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை கேட்டுப் பெறுங்கள். ஒன்ராறியோ சுகாதார அட்டை உடையோர்க்கு, மருத்துவர் பரிந்துரைக்கும் அப்பரிசோதனைக்குக் கட்டணமில்லை. அட்டை இல்லாதோர் சமூக சுகாதார நிலையங்களை நாடலாம். அருகிலுள்ள நிலையத்தை அறிய 211 என்னும் எண்ணையும், தாதியரிடம் ஆலோசனை பெற 811 என்னும் எண்ணையும் அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள்.