கர்ப்பிணியின் ரத்தக் கொதிப்பும் பிள்ளையின் எதிர்காலமும்

(தாய்மார்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கறிஞர் வந்து பிரஷரைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். மருந்து சொல்ல நான் வரவில்லை. அது டாக்டரின் வேலை. ஆனால் கிளினிக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும் என்று பயந்து ஒரு கர்ப்பிணி சோதனையைத் தள்ளிப் போட்டால், அது நோய்ப் பிரச்சினை மட்டுமல்ல, உரிமைப் பிரச்சினை.

முதலில் நோயைப் புரிந்து கொள்வோம். ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ரத்தக் கொதிப்பு. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு இது வந்து, சிறுநீரில் புரதமும் இறங்கினால் டாக்டர்கள் அதை பிரிஎக்ளாம்சியா என்கிறார்கள். உலகத்தில் 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு இது வருகிறது. வளைகாப்புக்கு நாள் பார்க்கும் மாதங்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

ஆரம்பத்தில் வலி எதுவும் இருக்காது. அளந்து பார்த்தால்தான் தெரியும். தலைச்சன் பிள்ளைக்குக் கால் வீங்கத்தான் செய்யும் என்று வீட்டில் சொல்வார்கள். கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான். ஆனால் முகமும் கையும் திடீரென வீங்கினால், தலைவலி விடாமல் அடித்தால், கண் மங்கினால், வலது விலா எலும்புக்குக் கீழே வலித்தால், விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு வந்துவிட்டால் அது காத்து கருப்பு அல்ல; தாயும் பிள்ளையும் சாகக்கூடிய அவசரம். பிரசவம் ஆன பிறகும் ஆறு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு.

இதில் பிள்ளைக்கு என்ன பாதிப்பு? நஞ்சுக்கொடி வழியாகப் போகும் ரத்தம் குறைகிறது. பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். நோய் முற்றினால் தாயைக் காப்பாற்ற நாள் நிறையும் முன்பே பிள்ளையை எடுக்க வேண்டி வரும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பேச்சும் நடையும் படிப்பும் தாமதமாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பயப்பட வேண்டாம், பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டும். 9 மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் கிளினிக்கில் கேளுங்கள். குறைமாதப் பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சி நல்ல பலன் தரும். பிறகு ஆறாம் வகுப்பில் வந்து பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று அடிப்பதில் பயனில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தை வெறும் காகிதமாக நினைக்காதீர்கள். அதில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டுவார்கள். சிவப்பு என்றால் உடனடியாகப் பெரிய மருத்துவமனை. பிரஷர் எவ்வளவு, என்ன நிறம், ஏன் என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பிள்ளைக்கு ஆகாது என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். முன்பே கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் தெரிந்தவுடன் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகளை மாற்ற வேண்டும்.

இனி சட்டம். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 1.1.2023 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 22 வாரத்துக்குப் பிறகு பிள்ளை இறந்து பிறந்தாலும் அந்த விடுப்பு உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயை மறுவாரமே வேலைக்குக் கூப்பிட முடியாது.

கர்ப்பத்தைக் காரணம் காட்டியோ, கர்ப்பத்தால் வந்த நோயைக் காரணம் காட்டியோ வேலை நீக்கம் செய்வது குற்றம். வேறு காரணத்துக்காக நீக்கினேன் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கொன்ட்ரெக்ட் முதலாளியும் முதலாளிதான்.

ஆகவே எம்.சி.யை நகல் எடுத்து வையுங்கள். கர்ப்பத்தை முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தானாக விலகுகிறேன் என்ற கடிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம், விடுப்பு மறுத்தால் தொழிலாளர் இலாகா. வேலை நீக்கம் என்றால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகா.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. கர்ப்ப காலச் சோதனைக்கென்று சம்பளத்தோடு தனி விடுப்பு அந்தச் சட்டத்தில் இல்லை. நாள் கூலிக்குப் போகிற பெண்ணுக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு நாள் அரிசிக் காசு. அந்தச் செலவை ஏழைத் தாய் சுமப்பது நியாயமா? அந்த விடுப்பைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனு கொடுப்போம்.

கணவன்மார்களே, அதுவரை பொறுப்பு உங்களுக்கும் உண்டு. அடுத்த சோதனைத் தேதி என்ன என்று இன்று வீட்டில் கேளுங்கள். அந்த ஒரு நாள் சம்பளத்தைவிடப் பிள்ளையின் வாழ்க்கை பெரிது.