ஐயாவின் கடதாசிக் கட்டு



பழைய விளையாட்டுக் கடதாசிக் கட்டுகளைச் சேர்ப்பது எனது நெடுநாட் பழக்கம். ஆனால் எங்கள் வீட்டிலேயே இருந்த ஒரு கட்டின் வயதை மட்டும் நான் பார்க்காமல் விட்டிருந்தேன். அது பூட்டனின் சொத்து. ஒல்லாந்தர் காலத்துப் பொருள் என்பது வீட்டுக் கதை. ஐயாவிடம் அதற்கு ஆதாரமும் இருந்தது. இஸ்கோப்பன், ஆடுத்தன், கலாவரை, உருவித்தன் எல்லாமே ஒல்லாந்தச் சொற்களல்லவா?

சென்ற ஆண்டு ஐயாவே கட்டை என்னிடம் தந்து, "வயசைச் சொல்லு பாப்பம்" என்றார்.

கட்டின் வயதை அறிய முதலிற் பார்க்க வேண்டியது இஸ்கோப்பன் ஏஸ். இங்கிலாந்தில் 1711 இல் கடதாசிக்கு வரி கூட்டினார்கள். 1765 முதல் அந்த ஏசை முத்திரை அலுவலகமே அச்சிட்டது. கள்ள ஏஸ் அடித்தால் மரண தண்டனை. 1805 இல் றிச்சர்ட் ஹார்டிங் என்பவர் அதற்காகத் தூக்கிலிடப்பட்டார். 1828 இல் சுருள் வேலைப்பாடு நிறைந்த புதிய ஏஸ் வந்தது. 1862 இன் பின்னரே தயாரிப்பாளர்கள் தமது பெயருடன் விரும்பிய ஏசை அச்சிடலாயினர். வரி முற்றாக ஒழிந்தது 1960 இல்.

அடுத்தது படக் கடதாசிகள். முற்காலத்து இராசாக்கள் முழு உருவில் நிற்பார்கள். தலைகீழாய்ப் பிடித்தால் அவர்களும் தலைகீழ்தான். இரு தலை இராசாக்கள் இங்கிலாந்திற் பரவியது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். மூலையில் இலக்கமும் எழுத்தும், வளைந்த மூலைகளும் வழக்கமானது ஏறத்தாழ 1880 அளவில். ஜோக்கரோ 1860 களில் அமெரிக்காவிற் பிறந்தவர்.

இதில் ஒரு விதியுண்டு. கட்டிலுள்ள மிகப் பழைய அடையாளத்தை நம்பக்கூடாது. மிகப் புதியதையே நம்ப வேண்டும். பழைய சித்திரத்தைப் பின்னாளிலும் அச்சிடலாம். பின்னாளைய வழக்கத்தை முன்னாளில் அச்சிட முடியாது.

ஐயாவின் கட்டில் இராசாக்களுக்கு இரு தலை. மூலைகள் வளைந்திருந்தன, அவற்றில் ஆங்கில எழுத்துகள். ஏசில் ஓர் ஆங்கிலேயக் கம்பனியின் பெயர். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டதோ 1658 முதல் 1795 வரை. கணக்கு ஒரு நூற்றாண்டாற் பிழைத்துவிட்டது.

சொன்னேன். ஐயா கனநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பூட்டன் பொய் சொன்னவரோ?" என்று கேட்டார்.

எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. "இல்லை ஐயா. அவர் சொன்ன பேருகள் உண்மையிலேயே ஒல்லாந்தர் விட்டுப்போனதுதான். இந்தக் கட்டிலும் பார்க்க அந்தப் பேருகள்தான் பழசு" என்றேன்.

கடதாசி கிழியும், தொலையும்; வேறு கட்டு வாங்கலாம். பெயர்களை மட்டும், ஒல்லாந்தர் போய் இரு நூற்றாண்டு கழிந்தும், 304 விளையாடியவர்கள் வாயாலேயே காத்து வந்திருக்கிறார்கள். அதை எந்தப் பெட்டியிலும் சேர்த்துவைக்க என்னால் முடியாது.

ஐயா கட்டைக் கலைத்துப் போட்டார். "இரு. ஒரு கை போடுவம்" என்றார். அன்று அவருக்கு உருவித்தன் துரும்பு. நான் தோற்றேன்.