அத்தை பார்த்த வேலை



மைசூரில் விஜயநகர் என்றொரு பகுதி. ஒன்றாம் ஸ்டேஜ், இரண்டாம் ஸ்டேஜ் என்று நான்கு ஸ்டேஜ்களாக வளர்ந்து, ரிங் ரோடு பக்கம் வரை போய்விட்ட இடம். ஆங்கிலப் புத்தாண்டன்று லட்சக்கணக்கில் லட்டு வழங்குகிற யோகநரசிம்மர் கோயில் இங்கேதான் இருக்கிறது. காலை நேரத்தில் இந்தத் தெருக்களில் நடந்தால், பல வீடுகளில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர் எழுபதைத் தாண்டியவராக இருப்பார். பிள்ளைகள் பெங்களூரிலோ டெக்ஸாஸிலோ சிட்னியிலோ இருப்பார்கள்.

அப்படியொரு வீட்டில்தான் என் அத்தை இருந்தார். அப்பாவுக்கு அக்கா. மாயவரத்தில் பிறந்தவர். கல்யாணமாகி மைசூருக்கு வந்து, தேவராஜ மார்க்கெட்டில் கன்னடத்தில் பேரம் பேசி, வீட்டுக்கு வந்து தமிழில் கணக்கு எழுதி, தொண்ணூறு வயது தாண்டி அங்கேயே காலமானார். மாமா முன்பே போய்விட்டார். குழந்தைகள் கிடையாது.

துக்கம் முடிகிற சுபஸ்வீகாரத்தன்று வர முடிந்தவர்கள் வந்தோம். மற்றவர்கள் கைப்பேசித் திரையில் வந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள். டொரண்டோவில் இருக்கும் தங்கை, தான் பரீட்சையில் தோற்ற வருஷம் அத்தை வாராவாரம் கடிதம் போட்டதைச் சொன்னாள். சிங்கப்பூர் அண்ணா, தன் கல்லூரிக் கட்டணத்துக்காக அத்தை வளையலை அடகு வைத்ததைச் சொன்னார். அது அவரைப் பெற்றவர்களுக்கே தெரியாதாம். சென்னையில் இருப்பவள், தன் காதல் கல்யாணத்துக்கு வீட்டில் முதலில் சரி என்று சொன்னவர் அத்தைதான் என்றாள். எனக்குத் தெரிந்த அத்தையோ கண்டிப்பானவர். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எழுந்தால் விடமாட்டார். கேட்கக் கேட்கத்தான் புரிந்தது, எங்களில் ஒருவருக்கும் அவரை முழுசாகத் தெரியாது. ஆளுக்கு ஒரு துண்டு வைத்திருந்தோம்.

நம் குடும்பங்களில் அத்தைக்கு ஒரு தனி இடம் உண்டு. கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டும் பெரும்பாலும் நாத்தனார் முடிச்சு. அதாவது, நம் அம்மா இந்த வீட்டுக்கு வந்த அன்றே அத்தையின் கை அதில் பட்டிருக்கிறது. என் அத்தை அந்த உரிமையைக் கடைசி வரை விடவில்லை. யாருக்கு என்ன நட்சத்திரம், யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. மாயவரம் ரயிலில் வந்து இறங்கினால் பெட்டியில் மைசூர் சந்தன சோப்பும் நஞ்சன்கூடு பல்பொடியும் இருக்கும். கூடவே ஐந்தாறு வீட்டுச் செய்திகளும் இருக்கும். அந்தக் காலத்தில் இன்லண்ட் லெட்டர். பிறகு, இரவில் கட்டணம் குறைகிற நேரம் வரை காத்திருந்து எஸ்.டி.டி. பிறகு வாட்ஸ்அப். கருவி மாறியதே தவிர, வேலை அதேதான். இரண்டு வீட்டார் பேசாமல் இருந்தால், ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் நல்லதாக ஏதாவது சொல்லி வைப்பார். அவர்கள் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்!

இப்படிப்பட்டவரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? திவசத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று வரிசையாகப் பெயர் சொல்கிறோம். கல்யாணமாகிப் போன பெண் பிறந்த வீட்டு வரிசையில் வரமாட்டார். பிள்ளையும் இல்லையென்றால் புகுந்த வீட்டிலும் சொல்ல ஆளில்லை. நம் முன்னோர் இதை யோசிக்காமல் இல்லை. மகாளய பட்சத்துத் தர்ப்பணத்தில் காருண்ய பித்ருக்கள் என்று அத்தை, சித்தி, மாமா, நண்பர் வரைக்கும் எள்ளும் தண்ணீரும் விட வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் பெயரும் கோத்திரமும்தான் வரும். வளையலை அடகு வைத்த கதை வராது.

கதை எப்படி மிஞ்சுகிறது என்பதற்கு ஒரு சித்தியின் வாழ்க்கையைச் சொல்லலாம். சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1886-ல் பிறந்து, சிறு வயதிலேயே கணவரை இழந்து, 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1912-ல் இளம் விதவைகளுக்காகச் சாரதா இல்லத்தைத் தொடங்கியவர். அது பிறகு கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு, இன்றைய விவேகானந்தர் இல்லத்துக்கு, மாறியது. 1958-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்வளவும் ஆவணங்களில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுமிகளுக்குச் சமைத்துப் போட்டு, வீட்டு நிர்வாகம் பார்த்தவர் இன்னொருவர். சுப்புலட்சுமியின் அம்மாவுக்குத் தங்கை, வாலாம்பாள். அவரும் கணவரை இழந்தவர்தான். சுப்புலட்சுமிக்கு அவர் சித்தி. நாளடைவில் எல்லோருக்குமே சித்தி. பட்டமும் பதவியும் இல்லாத அந்தப் பெண்மணி இன்றும் நமக்குத் தெரிகிறார் என்றால், அவர் வளர்த்தவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதுதான் காரணம். மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி சென்னையில் தங்கி, வயதான சுப்புலட்சுமியிடம் கேட்டுக் கேட்டு அவர் வரலாற்றை எழுதினார். 1966-ல் புத்தகம் வந்தது. சுப்புலட்சுமி மறைந்தது 1969-ல். கேட்பதைச் சில வருஷம் தள்ளிப் போட்டிருந்தால், சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார்.

அந்தக் குடும்பமும் நம்முடையதைப் போல உலகமெல்லாம் சிதறியதுதான். சுப்புலட்சுமியின் தங்கை மகள் லலிதா பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். 1936-ல் வானியல் விஞ்ஞானி சந்திரசேகரை மணந்து அமெரிக்கா போனார். 2013-ல், நூறு வயதைத் தாண்டி, சிகாகோவில் காலமானார். நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரைப் பற்றிக் காமேஸ்வர் வாலி எழுதிய வரலாற்றில், அந்தக் குடும்பத்தின் மயிலாப்பூர் வீட்டுப் பெண்களுக்கும் இடம் இருக்கிறது. நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்கப் போனவர் குடும்பத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

நமக்குப் புத்தகம் எழுத ஆள் வரப்போவதில்லை. நாமேதான் கேட்க வேண்டும். கேட்டதைக் குரலாகவே சேர்த்து வைக்கவும் வேண்டும். விஜயநகருக்குப் பக்கத்தில் ஒண்டிகொப்பல் என்ற பகுதி இருக்கிறது. 1935-ல் அங்கே எம்.வி. கோபாலசுவாமி என்ற பேராசிரியர் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். ஆகாசவாணி என்ற பெயர் அதற்குத்தான் முதலில் வந்தது. ஒரு குரலை வெளியே அனுப்ப அன்றைக்கு ஒரு பேராசிரியர் வீட்டையே நிலையமாக்க வேண்டியிருந்தது. இன்றைக்குச் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே போதும். இருந்தும், கல்யாண வீடியோக்களில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தை எங்களிடம் நிறைய இருக்கிறார். பேசுகிற அத்தை இல்லை.

ஆகவே, உயிரோடு இருக்கும் அத்தையிடமும் பெரியம்மாவிடமும் உட்கார்ந்து கேளுங்கள். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் "என்னத்தைச் சொல்ல" என்று சிரித்துவிடுவார்கள். சின்னதாகக் கேளுங்கள். இந்த ஊருக்கு வந்த முதல் நாள் என்ன சமைத்தீர்கள்? வாடகை எவ்வளவு? இந்தப் போட்டோவில் ஓரமாக நிற்பது யார்? பதிலைப் பதிவு செய்யுங்கள். போட்டோவின் பின்பக்கம் பெயரை எழுதுங்கள். மறைந்தவரைப் பற்றியென்றால், உறவினர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் சொல்லக் கூச்சப்படுவதைத் தனியே சொல்வார்கள். வளையல் கதை அப்படி இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறதோ!

இதைச் செய்ய ஆரம்பிக்கிறவர் ஒன்றைக் கவனிப்பார். டொரண்டோவுக்கும் சிங்கப்பூருக்கும் பேசி, அங்கே கேட்டதை இங்கே சொல்லி, பேச்சு விட்டுப் போனவர்களை மறுபடி பேச வைத்து, தெரியாமலேயே அத்தை பார்த்த வேலையை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. பெண்தான் உட்கார வேண்டும் என்று சட்டமில்லை. அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று கேலியாகச் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் இப்போது எல்லார் பிறந்தநாளையும் எழுதி வைத்துக்கொண்டு, மாதம் தவறாமல் எல்லா வீட்டுக்கும் போன் போடுகிறவருக்கு அடர்த்தியான மீசை. அவரைப் புதிய அத்தை என்றுதான் கூப்பிடுகிறோம்.