முகமும் ஒளியும்



கவிஞர் ஒருவர் மறைந்தபின் அவர் முகமாக எஞ்சுவது பல வேளைகளில் ஒரேயொரு நிழற்படமே. அதுவும் பொன்னாடை போர்த்தும் நொடியில் அவசரமாக எடுத்ததாக இருந்துவிடுகிறது. நெற்றி வெளுத்து, கண்மணி சிவந்து, பின்சுவரில் கருநிழல் ஒட்டிக்கிடக்கும். எண்பதாண்டு வாழ்ந்த முகத்தின் சுருக்கங்கள் அழிந்துபோயிருக்கும். குறை முகத்தில் இல்லை. ஒளி வந்த திசையில் இருக்கிறது.

1887இல் ஜெர்மனியின் மீத்தே, கேடிக்கே இருவரும் மக்னீசியம் கலந்த பளிச்சொளிப் பொடியை உருவாக்கினர். 1930களில் பிளாஷ் பல்பு பரவியது. பின்னர் மின்னணு பிளாஷ் வந்தது. கருவி மாறினும் ஒளியின் இயல்பு மாறவில்லை. தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். குழுப்படத்தில் முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை இருள்வது இதனால்தான்.

எளிய முறைகள் மூன்று உள்ளன. முதலாவது, ஒளியைத் திருப்புதல். பிளாஷின் தலையைத் தாழ்வான வெள்ளைக் கூரையை நோக்கி நிமிர்த்தினால் கூரையே பெருவிளக்காகிறது. ஒளி பரந்து மென்மையாக இறங்குகிறது. கூரை வண்ணம் பூசியதாயின் அவ்வண்ணம் முகத்திலும் படியும். மேலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் கண்குழி இருளும். பிளாஷின் பின்னே வெள்ளை அட்டை ஒன்றைச் செருகினால், சிறிது ஒளி முன்னே சென்று கண்ணில் ஒரு பொட்டாக மின்னும். அப்பொட்டே படத்திற்கு உயிர்.

இரண்டாவது, விலக்குதல். இணைப்பு வடத்தின் துணையால் பிளாஷைக் காமிராவிலிருந்து பிரித்து, 45 பாகை பக்கவாட்டில், கண்மட்டத்திற்குச் சற்று மேலே பிடித்தல் வேண்டும். கண்ணின் செம்மை மறையும். மூக்குக் கண்ணாடியில் ஒளி தெறிப்பதும் குறையும். மறுபக்கக் கன்னம் மிக இருண்டால், வெள்ளை வேட்டியை அருகே விரித்துப் பிடித்தால் போதும்.

மூன்றாவது, சுவரை விட்டு ஐந்தடி முன்னே அமர்த்துதல். பின்சுவரில் ஒட்டிய நிழல் படத்திற்கு வெளியே போய்விடும்.

நேரொளி அனைத்தையும் காட்டுவதுபோல் தோன்றி, முகத்தின் மேடுபள்ளங்களை மறைத்துவிடுகிறது. சாய்ந்த ஒளியோ நிழலைக் கொண்டு முகத்தை எழுதுகிறது. தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமமும் இத்தகையதே. அங்கே பொருள் கருப்பொருளின்மேல் பட்டு மாந்தர்மேல் திரும்புகிறது. அதை அறிந்த கவிஞர்க்கு இவ்வொளிநுட்பம் புதிதன்று.

ஆகவே அன்பர்களே, மூத்த கவிஞர் ஒருவர் மன்றத்திற்கு வரும்பொழுது மாலை சூட்டும் படத்தோடு நின்றுவிடலாகாது. விழா முடிந்தபின் ஐந்து நிமிடம் அவரை அமர்த்தி, ஒளியைத் திருப்பி, ஒரு படம் எடுத்து வைத்தல் வேண்டும். பத்தாண்டு கண்ட மன்றத்தின் அடுத்த மலர்களில் முகங்கள் முகங்களாகவே விளங்கட்டும்.