படிக்கிற பெண்ணுக்கு ஒரு மணி நேரம்



நான் புவனகிரிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. பணி ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருக்கிறவர்கள் 2 ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும்னு 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதிலிருந்து எங்களுக்குத் தூக்கமே இல்லை.

பயம் வந்தா கணக்குப் போட்டுப் பாருங்க: 150 கேள்வி, பொதுப்பிரிவுக்கே 90 மார்க் போதும். தப்பு விடைக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும்.

படிக்க நேரம்தான் இல்லை. அதையும் சந்தா மாதிரி சேர்க்கலாம். எங்க குழுவில் சாயங்காலம் ஒரு மணி நேரம், படிக்கிறவங்க பிள்ளைகளை மத்தவங்க முறைவச்சுப் பாத்துக்கறோம். உங்க குழுவில் யார் படிக்கிறாங்கன்னு கேளுங்க. அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்க.