வாசகர் சீட்டு வீட்டுக்கு ஒன்று போதாது

(மதரஸா கூடத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம், நோன்புக் கால அரிசி ஆகியவை பற்றிப் பேசுவோம். இன்று நம்மூர் அரசு கிளை நூலகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். வரும் மாதங்களில் அங்கே நடக்கவிருக்கும் நிகழ்ச்சிகளை, நூலகரும் வாசகர் வட்டத்தாரும் நம் அறக்கட்டளையும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறோம். எது எந்த நாளில், யாருக்காக, ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறோம். வருவதும் பிள்ளைகளை அனுப்புவதும் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. வீட்டுக்குப் போனதும் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் பல ஆண்டுகள் முயன்றதன் பலன் அது. அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கப்படுகிறது. இன்று அது ரூபாய்க்கு 10 பைசா. 1,000 ரூபாய் சொத்து வரி கட்டும் வீடு, 100 ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறது. உங்கள் வாப்பா கட்டினார், அவருடைய வாப்பாவும் கட்டினார். ஆக அந்தக் கட்டிடத்தில் இருக்கும் நாற்காலியிலும் புத்தகத்திலும் நம் காசு இருக்கிறது. யாரிடமும் தயங்கி நிற்க வேண்டிய இடம் அல்ல அது.

ஆனால் நம் தெருக்களில் எத்தனை வீடுகளில் வாசகர் சீட்டு இருக்கிறது? இருக்கும் வீடுகளிலும் அது யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் வீட்டு ஆண் ஒருவர் பெயரில். அவரும் சஃபரில் இருப்பார். சீட்டு அலமாரியில் இருக்கும்.

இதைப் பற்றித் தாய்மார்கள் சிலரிடம் விசாரித்தோம். அவர்கள் சொன்ன காரணங்கள் நியாயமானவை. “வாசலிலேயே ஆம்பளைங்க பேப்பர் படிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, எப்படி உள்ளே போறது?” என்றார் ஒருவர். “பத்தாவது முடிச்சு நாலு வருஷம் ஆச்சு. இப்போ போய் என்ன படிக்கன்னு எம் மக கேக்குறா” என்றார் இன்னொருவர். “மாமியாருக்கு முடியலை, ஒரு மணி நேரம் வெளியே போனாலும் யாராவது வேணும்” என்றார் மூன்றாமவர். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் நிகழ்ச்சிகளை அமைத்திருக்கிறோம்.

முதலாவது, பெண்களுக்கான காலை நேரம். செவ்வாயும் வியாழனும் காலை 10 மணி முதல் 12.30 வரை நூலகத்தின் மாடி அறை பெண்களுக்காக இருக்கும். பக்கவாட்டுப் படிக்கட்டு வழியாக நேரே மாடிக்குப் போகலாம், செய்தித்தாள் பகுதியைக் கடக்க வேண்டியதில்லை. லுஹருக்கு முன் வீடு திரும்பிவிடலாம். வாசகர் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் அங்கே இருப்பார்கள். இது நம் பெண்களுக்கு மட்டுமானது அல்ல. கடைத்தெருவிலும் மேலத்தெருவிலும் இருக்கும் மற்றச் சமுதாயச் சகோதரிகளும் வருவார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து படிப்பதும் நல்லதுதான்.

என்ன படிப்பது என்று கேட்டால், எதையும் படிக்கலாம். சமையல் குறிப்பில் தொடங்கினாலும் சரி. கதை படிக்கப் பிடிக்குமென்றால் நம் வாழ்க்கையை எழுதியவர்களின் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் 1938-லேயே ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர். தோப்பில் முஹம்மது மீரான் தன் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்கு 1997-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவற்றில் வரும் பேச்சும் சடங்கும் நமக்குப் பழக்கமானவை. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரிய வேண்டும்.

இரண்டாவது, தேர்வுப் படிப்பு வட்டம். பெண்களுக்கு அதே செவ்வாய், வியாழன் காலையிலும், ஆண் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலையிலும் நடக்கும். பத்தாவது படித்து நின்றுபோன பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழிலிருந்து வரும். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் மற்றப் பகுதியைத் திருத்துவார்கள். எனவே தமிழை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அடித்தளம் உறுதியாகிவிடும். இதற்கு முதலில் வேண்டியது ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பாடப்புத்தகங்கள். அந்த முழுத் தொகுப்பும் நூலகத்தில் இருக்கிறது. பயிற்சி மையத்துக்குக் கட்டணம் கட்ட வசதியில்லாத பிள்ளைக்கு ஒரு மேசையும் விசிறியும் சேர்ந்து படிக்க நாலு பேரும் கிடைத்தாலே பெரிய உதவி.

2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 200 இடம் என்றால் 7 இடம். அந்த இடத்துக்குப் போட்டியிட முறையான சாதிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் லெப்பை, தக்கனி முஸ்லிம், ஷேக், சையது என்று எந்தப் பிரிவு என்பது தெளிவாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளிச் சான்றிதழில் முகமது, ஆதாரில் முஹம்மது, ரேஷன் அட்டையில் முகம்மது. பிள்ளையின் பெயரிலும் வாப்பாவின் பெயரிலும் இப்படி ஓரெழுத்து மாறினாலும் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அலைய வேண்டிவரும். அதனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, நம் தொண்டர்கள் நூலகத்தில் உட்கார்ந்து இந்தத் தாள்களைப் பார்த்துத் தருவார்கள். எதை எங்கே திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். இ-சேவை மையத்துக்கு அதன் பிறகு போனால் போதும். தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

மூன்றாவது, சிறுவர் கதை நேரம். ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடியும். ஒரு பெரியவர் கதை சொல்வார், பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகம் எடுத்துச் சத்தமாக வாசிப்பார்கள். உங்கள் பிள்ளை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறது என்றால் வெட்கப்பட்டு வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்த நேரம். இங்கே உட்கார்ந்திருக்கும் உம்மம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருக்கும் கதைகள் அச்சில் இல்லை. ஒரு ஞாயிறு வந்து ஒரு கதை சொல்லிவிட்டுப் போங்கள்.

நான்காவது, பழைய கிதாபுகள் பார்க்கும் நாள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை இதை வைத்திருக்கிறோம். நம் ஊர்களில் பல வீட்டுப் பெட்டிகளில் அரபுத்தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. எழுத்து அரபு, மொழி தமிழ். தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் சில குறிகளைச் சேர்த்து அதை உருவாக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கே போகாத நம் மூதாட்டிகள், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தை வைத்துக்கொண்டு தமிழில் மார்க்கச் சட்டமும் மருத்துவமும் மாலைகளும் படித்தது இந்த வழியில்தான். கீழக்கரையில் வாழ்ந்து 1898-ல் மறைந்த இமாமுல் அரூஸ் என்ற மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இந்த எழுத்தில் பல நூல்களைத் தந்தவர்.

இன்று அந்தப் புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? அரபு எழுத்து இருக்கிறதே, பழைய முஸ்ஹஃபாக இருக்கும் என்று எண்ணி, மரியாதையாகக் கிணற்றிலோ கடலிலோ சேர்த்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் நினைவும் ஒரு காலத்துத் தமிழும் அதோடு போய்விடுகிறது. எனவே பெட்டியில் எது இருந்தாலும் அன்று கொண்டு வாருங்கள். இன்னும் வாசிக்கத் தெரிந்த ஹஜ்ரத் ஒருவரும் பெரியவர்கள் சிலரும் இருப்பார்கள். என்ன புத்தகம் என்று பார்த்துச் சொல்வார்கள். பெயரைக் குறித்துக்கொண்டு, நீங்கள் சம்மதித்தால் பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்வோம். புத்தகம் உங்களுடையது. அன்றே உங்கள் கையில் திருப்பித் தரப்படும். அதுவரை வீடு சுத்தம் செய்யும்போது எதையும் கிணற்றில் போட்டுவிடாதீர்கள். கறையான் அரித்த புத்தகமானாலும் கொண்டு வாருங்கள்.

ஐந்தாவது, வீட்டுக்கு வரும் புத்தகப் பை. 1931-ல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலகத்துக்கு வர முடியாதவர்களைத் தேடி நூலகம் போனது. நம் ஊரிலும் வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். இத்தாவில் இருக்கும் சகோதரி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிறார். பிரசவித்த பெண் இருக்கிறார். படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் இருக்கிறார். கண் மங்கிய பெரியவர் இருக்கிறார், அவருக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் வேண்டும். இவர்கள் பெயரை எங்களிடம் சொல்லுங்கள். புதன்கிழமைதோறும் பெண் தொண்டர் ஒருவர் மூன்று புத்தகங்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார், அடுத்த முறை மாற்றிக் கொடுப்பார். துக்கம் நடந்த வீட்டில் முதல் சில நாட்களுக்கு ஆட்கள் வருவார்கள். அதற்குப் பின் வரும் நீண்ட பகல்களில் ஒரு புத்தகம் துணையாக இருக்கும்.

இவ்வளவுக்கும் செலவு உண்டா என்றால், உறுப்பினராகச் சேரச் சிறு தொகைதான். அதைக்கூடக் கட்ட இயலாத வீடுகளுக்கு நம் அறக்கட்டளை கட்டும். அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு இதே மதரஸா கூடத்தில் உறுப்பினர் சேர்க்கை முகாம். முகவரிச் சான்றும் ஒரு புகைப்படமும் கொண்டு வாருங்கள். வசதி இருப்பவர்கள் 1,000 ரூபாய் கொடுத்து நூலகப் புரவலராகவும் சேரலாம். புத்தகமாகக் கொடுக்க விரும்பினால் நூலகரிடம் என்ன தேவை என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இப்போது அவர் கேட்பது நல்ல தமிழ் அகராதிகளும் படம் நிறைந்த சிறுவர் புத்தகங்களும். பாடத்திட்டம் மாறிய பழைய கைடுகளை மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால், அவருக்கு இடமும் போகும், நமக்கு நன்மையும் சேராது.

“எல்லாம் போனிலேயே இருக்கிறதே, நூலகம் எதற்கு?” என்று கேட்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் பெண் பிள்ளையின் கையில் போன் எத்தனை நேரம் இருக்கிறது? அது தம்பியின் ஆன்லைன் விளையாட்டுக்கும் உம்மாவின் சஃபர் அழைப்புக்கும் போக, மிச்ச நேரத்தில் கிடைக்கிறது. அதில் ஒரு பாடத்தை உட்கார்ந்து படிக்க முடியுமா? வாரத்தில் இரண்டு காலைகள், யாரும் கூப்பிடாத ஓரிடம், அவளுக்கென்று ஒரு மேசை. படிப்பு நின்றுபோன பிள்ளைக்கு அது மறுபடியும் தொடங்கும் இடமாகலாம்.

நமக்கு இறங்கிய முதல் வஹீ ஓதுவதைப் பற்றியது. பத்ருப் போர்க் கைதிகளில் பணமில்லாதவர்கள் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் வைத்த ஏற்பாட்டை ஒவ்வொரு மீலாத் மேடையிலும் கேட்கிறோம். கேட்டதை நடைமுறையில் கொண்டுவர, அடுத்த ஞாயிறு ஒரு வாய்ப்பு.

எனவே எங்கள் வேண்டுகோள் இது. வீட்டுக்கு ஒரு சீட்டு என்று நிறுத்திவிடாதீர்கள். உம்மா பெயரில் ஒன்று, மகள் பெயரில் ஒன்று, வீட்டுக்கு வந்த மருமகள் பெயரில் ஒன்று எடுங்கள். சஃபரில் இருக்கும் சகோதரர்களே, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வீட்டுக்கு அழைத்து, “சீட்டு எடுத்தாச்சா?” என்று ஒரு முறை கேளுங்கள். நீங்கள் கேட்டால் வீட்டில் தயக்கம் தீரும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு இன்ஷா அல்லாஹ் இங்கே சந்திப்போம். வஸ்ஸலாம்.