சிசுவின் முதல் ஆறு வாரங்கள்



ஒருபுறம் ஓசூரின் தொழிற்சாலைகளும் மறுபுறம் ஆனேக்கல் எல்லையும் அருகே நிற்க, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இந்தத் தளியில், கக்குவான் இருமலைப் பற்றி ஆராய நாம் கூடியிருப்பது மிகவும் பொருத்தமென்று கருதுகிறேன்.

பெல்ஜியத்தின் பொர்தே, ஜாங்கு என்னும் இருவர் 1906-இல் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டிய கிருமியே இந்நோய்க்குக் காரணம். முத்தடுப்பூசி ஊர்தோறும் பரவி, 1985-இல் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் பிறந்து, 2011 டிசம்பரில் ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி இந்திய மாநிலங்களுள் முதலில் தமிழகத்திலும் கேரளத்திலும் வந்த பின், இந்நோய் பழங்கதையாகிவிட்டதென்று நம்மில் அநேகர் நிம்மதி கொண்டோம். அந்த நிம்மதிக்குப் போதிய ஆதாரம் இல்லை. ஊசி பரவலாகப் போடப்படும் கலிபோர்னியாவில் 2010-இல் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் இந்நோய் கண்டு, பத்துச் சிசுக்கள் மாண்டன. 2012-இல் அமெரிக்கா முழுவதிலும் நாற்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல் கண்டது.

காரணத்தை அறிய ஜப்பானைப் பார்க்க வேண்டும். 1970-களின் நடுவில், ஊசிக்குப் பின் இரு குழந்தைகள் இறந்தன என்ற அச்சத்தால் அங்கே ஊசி நிறுத்தப்பட, 1979-இல் பதின்மூவாயிரம் பேர் நோயுற்று நாற்பத்தொரு பேர் மடிந்தனர். அதன்பின் 1981-இல் அந்நாடு, முழுக் கிருமியை விடுத்து அதன் சில புரதங்களை மட்டும் கொண்ட ஊசியைக் கைக்கொண்டது, மேனாடுகளும் பின்தொடர்ந்தன. காய்ச்சலும் வீக்கமும் குறைந்தன என்பது மெய். ஆனால் அந்தப் பாதுகாப்பு சில ஆண்டுகளிலேயே தேய்கிறது. பபூன் குரங்குகளிடம் செய்த பரிசோதனையிலோ, அவ்வூசி பெற்றவை நோயுறாவிடினும் தொண்டையில் கிருமியைச் சுமந்து பிறவற்றுக்குப் பரப்பின. நம் அரசாங்கம் இன்னும் முழுக் கிருமி ஊசியையே உபயோகிக்கிறது. என் அபிப்பிராயத்தில் அது விவேகமான காரியம். அதன் பாதுகாப்பும் ஆயுளுக்கும் நிற்பதன்று என்பதை நாம் மறக்கலாகாது. முதல் ஊசியன்று இரவெல்லாம் காய்ந்த குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் அடுத்த தவணைக்கு வரத் தயங்கினால், அவளைக் கடிந்து பயனில்லை. காய்ச்சல் வருமென்று முன்னமே சொல்லி, மருந்தும் தந்து அனுப்புவதே முறை.

இதில் பலியாவது யார்? பெரியவர்களுக்குச் சாதாரண இருமலாய்த் தோன்றி வாரக்கணக்கில் நீடிப்பது, பிறந்து ஒரு மாதமான சிசுவுக்கு எமனாகிறது. அச்சிசு இழுத்துக் கூவி இருமுவதே இல்லாமலும் போகலாம். பால் குடிக்கையிலேயே மூச்சு நின்று, உதடு நீலம் பாரித்து, கண் செருகிவிடும். அதன் முதல் ஊசி ஆறாம் வாரத்தில்தான் வருகிறது. அதுவரை அதற்குக் கவசம் தாயின் இரத்தத்திலிருந்து வந்தாக வேண்டும். இங்கிலாந்தில் 2012 அக்டோபர் முதல் கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் தடுப்பூசி போடுகிறார்கள். நம் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் பெறும் ஊசியிலோ ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமே காப்பு உண்டு, கக்குவானுக்கு இல்லை. வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவமனையில் விலை கொடுத்துப் பெறுகிற இப்பாதுகாப்பு, ரோஜாப் பசுமைக்குடில்களிலும் கல் குவாரிகளிலும் கூலிக்கு வந்த பெண்களுக்கு எட்டாமலிருப்பது அநியாயம்.

அக்குடும்பங்களின் தாய்சேய் அட்டை சொந்த ஊரில் கிடக்கும்; ஒரு தவணை அங்கே, மறு தவணை எல்லைக்கு அப்பால், மூன்றாவது எங்கும் இல்லை. ஆகவே அட்டையை மட்டும் நம்பாமல், செவிலியர் கக்குவானைக் கன்னட வீட்டில் நாயிகெம்மு என்றும் தெலுங்கு வீட்டில் கோரிந்த தக்கு என்றும் கேட்டு விசாரித்தால்தான் உண்மை வெளிவரும்.

கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் தடுப்பூசியை அரசுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டுமென்று இக்கருத்தரங்கு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எவரேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், வெறும் சளியென்று அனுப்பிவிடாமல், மூக்கின் உட்புறத்திலிருந்து சளி மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புமாறு இங்குள்ள ஒவ்வொரு மருத்துவரையும் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.